சார்பும் இயல்பும்: பாத்திரமேற்கும் ஆட்டங்களில் அறச்சார்பைப் பொருள்கொள்ளுமாறு

காப்பியமும் நாடகமும் கற்போர், ஒரு பாத்திரத்தின் அறநிலையை அதன் சொல்லினின்றும் செயலினின்றும் உணர்வர். 'இவன் நல்லன், இவன் தீயன்' என்று கவிஞன் முன்னுரைத்தவிடத்தும் அவ்வுரையை அவன் காட்டும் நிகழ்ச்சிகளோடு ஒத்திட்டு நோக்கியே கொள்வர். ஆனால் கதை தொடங்குமுன்னரே, பாத்திரம் ஒரு சொல்லும் பேசுமுன்னரே, அதன் அறநிலையை இரண்டு சொற்களால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் கதைவகை ஒன்று கடந்த அரை நூற்றாண்டாக வழங்கி வருகிறது. அது, மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் கூடிச் சொல்லும் பாத்திரமேற்கும் ஆட்டம். அத்தாளில் எழுதப்படும் அவ்விரு சொற்களை எவ்வாறு பொருள்கொள்வது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இவ்வாட்டவகையின் முதனூல் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் யாத்த அது, 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் ஊரிலிருந்து மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை மேற்கொள்வர். அவருள் ஒருவர் மட்டும் தமக்கெனத் தலைமைப் பாத்திரம் கொள்ளாது, உலகையும் பகைவரையும் பிற மாந்தரையும் தாமே இயக்குவார். முதனூல் அவரை நடுவர் என்றே குறித்தது. 'டஞ்சன் மாஸ்டர்' என்னும் பெயர் பிற்பட்டது. ஐயத்திற்கிடமான செயல்களின் விளைவைப் பகடை காட்டும். எழுதி முடிந்த பனுவல் என்று ஒன்று இதில் இல்லை. சொல்லச் சொல்லக் கதை வளரும். இஃது இலக்கியம் ஆமோ அன்றோ என்னும் வழக்கினை ஈண்டு எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. பாத்திரப் படைப்பும் பாத்திரத் திறனாய்வும் ஒரே இருக்கையில் நிகழும் இடம் இது என்பதே நமக்குப் போதுமானது.

இரு சொற்களால் எழுதப்படும் அவ்வறநிலைக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் 'அலைன்மென்ட்' என்பது. இச்சொல்லின் முதற்பொருள் ஒரு வரிசையில் நிற்றல் அல்லது நிறுத்தல். தமிழில் இதற்கு நேரொத்த சொல் வேண்டின், படையின் வரிசையைக் குறிக்கும் 'அணி' என்பதையே கொள்ளல் வேண்டும். எனினும், அணியெனின் நம் மாணவர் உவமையையும் உருவகத்தையும் நினைப்பர் ஆதலின், 'சார்பு' என்னும் சொல்லை இக்கட்டுரையில் ஆள்கிறோம். படைவரிசை என்னும் பொருளை மட்டும் படிப்போர் மறத்தலாகாது. நம் ஆராய்ச்சிக்கு அதுவே திறவுகோல்.

ஏனெனில், இச்சொல் பிறந்த இடம் உண்மையாகவே படைவரிசைதான். 1974ஆம் ஆண்டு நூலுக்கு முன்னர், 1971இல், கைகாக்சும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்னும் போர் ஆட்ட நூலை வெளியிட்டனர். மேசைமீது சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி இடைக்காலப் போர்களை ஆடுதற்கான விதிகள் அடங்கியது அது. அதன் இறுதியில், பறவைநாகம், பூதம், மந்திரவாதி முதலிய கற்பனை உருக்களையும் போரிற் சேர்க்க விரும்புவோர்க்காக ஒரு பகுதி உண்டு. எவ்வெவ்வுருக்கள் ஒரு படையில் ஒருங்கு நிற்கலாம் என்பதற்கு ஒழுங்கு, ஒழுங்கின்மை, இரண்டும் அல்லாதது என்னும் மூன்று பட்டியல்கள் அங்கே தரப்பட்டன. பட்டியலுக்கு முன் நூலாசிரியர் கூறும் குறிப்பு நம் கருத்தை ஈர்க்கிறது. இக்கற்பனை உருக்களுள் நல்லவை எவை, தீயவை எவை என்று தெளிவான கோடு கிழித்தல் இயலாது என்றும், படை வகுப்போர்க்கு வழிகாட்டியாகவே இப்பகுப்பு அமைந்தது என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். பிற்காலத்தில் எத்தனையோ மேசைகளில் 'நல்லவன்', 'தீயவன்' என்னும் தீர்ப்பு முத்திரையாக வழங்கப்பட்ட ஒரு சொல், அத்தீர்ப்பு இயலாதது என்னும் முன்னறிவிப்போடு பிறந்தது என்பது வியப்பிற்குரியதே.

ஒழுங்கு, ஒழுங்கின்மை என்னும் இணைக்கு மூலம் இரு கதையாசிரியர்களிடம் உண்டு. பவுல் ஆண்டர்சன் எழுதிய 'மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்' என்னும் கதை முதலில் 1953இல் இதழில் வெளிவந்து, 1961இல் விரிந்த நாவலாயிற்று. இரண்டாம் உலகப் போரிற் கலந்த டேனிஷ் பொறியாளன் ஒருவன் வேற்றுலகொன்றில் விழித்தெழுகிறான். அவ்வுலகில் மாந்தர் ஒழுங்கின் பக்கமும் வனதேவதைகளை ஒத்த மாய இனத்தார் ஒழுங்கின்மையின் பக்கமும் நின்று பொருகின்றனர். மற்றவர் மைக்கேல் மூர்காக். 1961 முதல் வெளிவந்த அவர்தம் கதைகளின் தலைவன் எல்ரிக், ஒழுங்கின்மைத் தெய்வமொன்றை வணங்குபவன். ஆயினும் இரக்கமும் கழிவிரக்கமும் அவனிடம் மிகுதி. இவ்விருவர் கதைகளிலும் ஒழுங்கு என்பது ஒருவன் யாரோடு நிற்கிறான் என்பதைக் கூறும் சொல்லே. அவன் எத்தகையன் என்பது கதை முழுவதும் படித்தே உணரற்பாலது.

1974ஆம் ஆண்டு நூலும் பெரும்பான்மை இப்பொருளிலேயே நிற்கிறது. அதன் பட்டியலில் மனிதர் மூன்று பகுதிகளிலும் இடம்பெறுகின்றனர். பிற்காலத்தில் தீமையின் உருவாகவே கருதப்பட்ட 'ஆர்க்' என்னும் இனம், ஒழுங்கின்மையில் மட்டுமன்றி இரண்டும் அல்லாத பகுதியிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஓரினம் இரு பட்டியல்களில் நிற்றல் இயலுமெனின், அப்பட்டியல் கூறுவது இயல்பை அன்று, சேர்க்கையையே என்பது வெளிப்படை. மேலும் ஒவ்வொரு சார்பினர்க்கும் தமக்கே உரிய மொழியொன்று உண்டு என்றும் அந்நூல் கூறுகிறது. இதனை நகைப்பிற்கிடமாகக் கருதுவோர் பலர்; நன்மைக்கு ஓர் இலக்கணமும் தீமைக்கு ஓர் இலக்கணமும் யார் வகுத்தனர் என வினவுவர். சார்பை இயல்பு எனக் கொண்டால் நகைப்பே மிஞ்சும். பாசறைக்குரிய குறிமொழி எனக் கொண்டால் அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

இப்பொருள் பிறழத் தொடங்கியது 1975ஆம் ஆண்டின் 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் எனலாம். 'பாலடின்' என்னும் அறமறவன் அந்நூலில் தோன்றுகிறான். அவன் தொடக்கமுதலே ஒழுங்குச் சார்பினனாயிருத்தல் வேண்டும். ஒழுங்கின்மைச் செயல் ஒன்று செய்யினும் தன் சிறப்பாற்றல்களை மீளப் பெறாவாறு இழப்பான். 'ஒழுங்கின்மைச் செயல்' என்னும் தொடரை உற்றுநோக்குக. அதுவரை படைக்கு அடையாக நின்ற சொல் இங்குச் செயலுக்கு அடையாயிற்று. செயலை அளக்கும் கோலாக ஒரு கட்சிப் பெயரை ஆளத் தொடங்கியபோதே இவ்வழக்குகள் அனைத்திற்கும் வித்து விழுந்துவிட்டது. 1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் 'ஸ்டிராட்டஜிக் ரெவ்யூ' என்னும் இதழில் ஒரு கட்டுரை வரைந்து, ஒழுங்கு–ஒழுங்கின்மை என்பது வேறு, நன்மை–தீமை என்பது வேறு எனப் பிரித்தார். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வரைபடமும் தந்தார். 1977இல் வந்த தொடக்க நூல் ஐந்து சார்புகளையும் 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேடு ஒன்பது சார்புகளையும் கூறின. 1981இல் டாம் மோல்ட்வே திருத்திய எளிய பதிப்பு மட்டும் பழைய மூன்றிற்கே திரும்பியது. திரும்பியும், ஒழுங்கு பெரும்பாலும் நன்மையை ஒக்கும், ஒழுங்கின்மை பெரும்பாலும் தீமையை ஒக்கும் என்று அது உரைத்தது. சொல் பழையது, பொருள் புதியது.

இப்பொருட்பிறழ்ச்சி எங்கே மிகுதியாகப் புலப்படுகிறதெனின், இரண்டும் அல்லாத சார்பில். ஆங்கிலத்தில் 'நியூட்ரல்' எனப்படும் இதனைத் தமிழில் 'நடுநிலை' என மொழிபெயர்ப்பது எளிது. ஆனால் நமக்கு அச்சொல் ஓர் அறத்தின் பெயர். திருக்குறளில் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. அவ்வதிகாரத்திற்கு உரை வகுக்குங்கால் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என்னும் முப்பகுதியை எடுத்துக்கூறுவர். நொதுமல் என்பது பகையும் நட்பும் அல்லாத அயன்மை. நடுவு நிலைமையோ அம்மூவகையாரிடத்தும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்றல். முன்னது ஒருவன் நிற்கும் இடத்தைக் கூறுகிறது, பின்னது அவன் குணத்தை. செயின்மெயில் பட்டியலின் நடுப்பகுதி நொதுமல் என்பதில் ஐயமில்லை. இவ்வுருக்கள் எப்படையிலும் சேரும் அல்லது எதிலும் சேரா என்பதே அதன் பொருள். 1978ஆம் ஆண்டு நூலிலோ அதுவே ஒரு கொள்கையாக உயர்ந்துவிட்டது. நன்மையும் தீமையும் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஒன்றையொன்று சமன்செய்யும் ஆற்றல்கள் எனக் கருதி அச்சமன்பாட்டைக் காப்பவனே முற்ற நொதுமலன் என்று அது கூறிற்று. காட்டுப் பூசகராகிய 'துரூயிட்' அச்சார்பினராகவே இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. மூர்காக்கின் கதைகளில் வரும் பேரண்டத் துலாக்கோலின் நிழல் இதில் விழுந்திருக்கிறது.

இதன் விளைவை 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு தானே ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறது. கொடிய 'நால்' கூட்டமொன்றை அடக்க ஒரு சிற்றரசின் படையோடு துரூயிட் ஒருவர் சேர்கிறார். நால் கூட்டம் அழியும் எல்லையை எட்டியதும் அவர் விலகிக்கொள்ளலாம், அல்லது பக்கம் மாறி அவற்றிற்காகவே போரிடலாம் என்கிறது நூல். நேற்றுவரை தோளோடு தோள் நின்றவரை இன்று வெட்டும் இம்மனிதரை எவ்வாறு விளங்கிக்கொள்வது? நொதுமலர் எனின் முதலிலேயே போருக்கு வந்திரார். நடுவு நிலைமையர் எனின் அறம் எப்பக்கம் என்று ஆராய்ந்திருப்பார். இவரோ இரண்டுமல்லர், எண்களைச் சமன்செய்யும் கணக்கர். அழியும் நிலையிலுள்ள ஓரினத்தின்மீது இரங்கி அவர் வாளைத் தாழ்த்தினார் எனின் அது நமக்கு விளங்கும், பாத்திரமும் உயரும். ஆனால் நூல் இரக்கத்தைக் காரணமாகக் கூறவில்லை. இடத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்து அதிலிருந்து ஓர் உள்ளத்தை வனைய முயன்றமையால் நேர்ந்த குறை இது என்பது நம் கருத்து. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இதனை உணர்ந்து, நொதுமலர் பலர் ஒரு கொள்கையும் இன்றித் தமக்கு நல்லதெனத் தோன்றியதைச் செய்பவரே எனத் தளர்த்திக்கொண்டது.

இனி, இச்சார்பு உயிர்ப்பொருளாகும் இடத்திற்கு வருவோம். ஆட்டக்காரர் பலரும் ஏதேனும் ஒரு மேசையில் கண்டிருக்கக்கூடிய நிகழ்ச்சி இது. போரில் தோற்ற ஆர்க் ஒருவன் படைக்கலத்தை எறிந்துவிட்டு மண்டியிடுகிறான். எதிரே நிற்பவன் 'ஒழுங்குடை நன்மை' என்னும் சார்பினனாகிய பாலடின். கொல்லலாமா? ஒருவர் கூறுவார்: ஆர்க்கின் சார்பு தீமை என்று நூலில் எழுதியிருக்கிறது; தீமையை அழித்தல் பாலடினின் கடன்; ஆகவே கொல்லலாம். மற்றொருவர் கூறுவார்: அடைக்கலம் புகுந்தோனைக் கொல்லுதல் நன்மையன்று, கொன்றால் பாலடின் தன் நிலையை இழப்பான். ஆடும் மாலைப்பொழுது முழுவதும் இவ்வழக்கிலேயே கழிவதுண்டு. சில மேசைகளில் நட்பும் கழிவதுண்டு.

முதல் வாதத்தின் குறையை எடுத்துக்காட்டுதல் கடினமன்று. ஆர்க் கொல்லத்தக்கவன், ஏனெனில் தீயவன். தீயவன் என்பதற்குச் சான்று, பகைவர் பட்டியலில் அவ்வாறு எழுதப்பட்டிருத்தல். பட்டியலில் எழுதப்பட்டது, வீரர் கொல்லுதற்குரிய எதிரிகள் வேண்டியிருந்தமையால். வட்டம் நிறைவெய்திவிட்டது, ஆர்க் செய்த செயல் ஒன்றேனும் அதனுள் இல்லை. மேலும் அப்பட்டியல் நிலையானதும் அன்று. 1974இல் ஒழுங்கின்மையிலும் நொதுமலிலும் நின்ற ஆர்க், 1977ஆம் ஆண்டு 'மான்ஸ்டர் மானுவல்' நூலில் 'ஒழுங்குடைத் தீமை' ஆனான். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஒழுங்கிலாத் தீமை' ஆனான். இடைப்பட்ட ஆண்டுகளில் எந்த ஆர்க்கும் எதுவும் செய்யவில்லை, மாறியது பதிப்பு. அவ்வாறு மாறக்கூடிய ஒன்றை ஓர் இனத்தின் பிறவி இயல்பு எனக் கொண்டு மண்டியிட்டவனை வெட்டுதல் பனுவலை மதித்ததும் ஆகாது. மூன்றாம் பதிப்பு 'எப்போதும்', 'பெரும்பாலும்', 'பலகாலும்' என்னும் அடைகளைச் சேர்த்து, ஆர்க்கைப் 'பலகாலும்' என்பதன்கீழ் வைத்தது. 'பலகாலும்' என்பதனால், தனியொரு ஆர்க்கைப் பற்றி அந்நூல் தீர்ப்பு யாதும் கூறவில்லை என்றாகிறது.

ஈண்டு மறுப்பொன்று எழும். அதனை எளிதில் தள்ளிவிடல் தகாது. நம் உலகில் தீமை என்பது செயலைப் பற்றிய தீர்ப்பு. அவ்வாட்ட உலகிலோ அது நெருப்பையும் நீரையும் போல ஒரு பொருள். தீமையைக் கண்டறியும் மந்திரமே அங்கு உண்டு. மந்திரம் காட்டுவதை மறுப்பானேன்? மறுப்பு வலியுடையதே. ஆயினும் மந்திரத்தின் பாடத்தையே நோக்குக. 1974ஆம் ஆண்டு நூலின்படி, தீமை காண் மந்திரம் உயிர்களிடத்துத் தீய எண்ணத்தையோ நோக்கத்தையோ, அல்லது தீய மந்திரம் ஏறிய பொருளையோ காட்டும். நஞ்சு நன்மையுமன்று தீமையுமன்று என்றும் ஒரு குறிப்பு அங்கு உண்டு. நஞ்சை விலக்கிய அக்குறிப்பு மிக நுண்ணியது. கொல்லும் தன்மை தீமையாகாது. கொல்லக் கருதுதலே தீமை. ஆகவே மண்டியிட்ட ஆர்க்கின் நெஞ்சில் அப்போது என்ன எண்ணம் என்பதைத்தான் அம்மந்திரம் காட்டும். ஆர்க்கு என்னும் பிறப்பை அன்று. 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் அதே மந்திரம் சார்பைக் காட்டுவதை முற்றும் விட்டு, பேய், வானவர், பிணவுயிர் முதலிய சில உயிர்வகைகள் அருகில் உளவா என்பதை மட்டும் காட்டுவதாயிற்று. தீய மனிதன் எதிரே நின்றாலும் மந்திரம் வாய்திறவாது. அறநிலையை மந்திரத்தால் அளக்கும் முயற்சியை நூலாசிரியரே கைவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

சார்பை இயல்பெனக் கொள்வோர் எதிர்ப்புறத்திலும் உளர். 'ஒழுங்கிலா நொதுமல்' என்று தாளில் எழுதிக்கொண்டு, தோழர்களின் பையிலேயே கைவைத்துவிட்டு, 'என் பாத்திரத்தின் இயல்பு அது' என்று கூறும் ஆட்டக்காரரைக் கருதுக. இரண்டாம் பதிப்பு அச்சார்பைப் பித்தரோடு சேர்த்துப் பேசியமை அவர்க்குத் துணையாயிற்று. மூன்றாம் பதிப்பு இடித்துரைப்பதுபோல, அச்சார்பினன் பாலத்தைக் கடப்பதற்கும் அதிலிருந்து குதிப்பதற்கும் ஒத்த வாய்ப்புடையவன் அல்லன் என்று எழுத நேர்ந்தது. தம் விருப்பத்தைப் பாத்திரத்தின்மேல் ஏற்றிக் கூறும் இவ்வழக்கம் திறனாய்வில் நாம் அறியாததன்று.

தாளிலுள்ள சொல்லை வேறெவ்வாறுதான் கொள்வது? அது பாத்திரத்தைப் பற்றி ஆட்டக்காரர் முன்வைக்கும் ஒரு கருதுகோள் என்பது நம் துணிபு. தம் பாத்திரம் யாருக்குக் கட்டுப்பட்டது, யாருடைய நலத்தை நாடுவது என்னும் இரு வினாக்களுக்கு அவர் முன்கூட்டித் தரும் விடை அது. கதை அவ்விடையைச் சோதிக்கும். மோல்ட்வேயின் பதிப்பு தரும் சிறு எடுத்துக்காட்டு இவ்வகையில் ஒன்பது சார்புகளின் நீண்ட விளக்கங்களினும் பயனுடையது: பெருங்கூட்டமான பகைவர் சூழ்ந்தபோது ஒழுங்குடையான் எவ்விடரிலும் தோழரைக் காக்கப் பொருவான், நொதுமலன் தனக்கு இடர் முற்றாதவரை பொருவான், ஒழுங்கிலான் பொரினும் பொருவான், ஓடினும் ஓடுவான். அங்கே குணப்பெயர்களின் அடுக்கு இல்லை. ஒரு நிலைமையும் மூன்று செயல்களும் உள.

தீர்ப்பளிக்கும் உரிமை யாருடையது என்பதே எஞ்சிய வினா. 1979ஆம் ஆண்டு நடுவர் கையேடு அதனை முழுதும் நடுவரிடமே ஒப்படைத்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் நடத்தையையும் வரைபடத்தில் குறித்துவர வேண்டும்; எல்லை கடந்தால் சார்பு மாறும்; மாறினால் ஒரு படிநிலை இழப்பு. பொருள்கோள் இங்குத் தண்டனையாயிற்று. திறனாய்வாளன் தவறிக் கூறினும் பாத்திரத்திற்கு ஊறில்லை என்னும் நம் ஆறுதல் அந்நடுவர்க்கு இல்லை. ஆட்டக்காரர் பல திங்கள் உழைத்து வளர்த்த பாத்திரத்தை அவர்தம் ஒரு சொல் குறைத்துவிடும். அதே கையேட்டில், அணிந்தவனின் சார்பைத் தலைகீழாக்கும் மந்திரத் தலைச்சீரா ஒன்றும் உண்டு. நல்லோன் அதனை அணிந்த நொடியில் தீயோனாவான். அந்நூலாசிரியரே சார்பை நெஞ்சின் விளைவாகக் கருதினாரா, தலையில் ஏறி இறங்கும் பொருளாகக் கருதினாரா என்று ஐயுற வேண்டியுளது.

2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு சார்புகளை ஐந்தாகக் குறைத்து, 'சார்பிலார்' என்னும் வகையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. பலரும் அதனை விரும்பவில்லை. 2014இல் ஒன்பதும் மீண்டன. 2020இல் வெளியீட்டு நிறுவனம், ஆர்க், 'டிரவ்' முதலிய இனங்களைப் பிறவித் தீயோராகச் சித்திரித்தமை உண்மை உலகில் சில மக்களினங்களை இழித்துரைத்த முறையை ஒத்திருந்தது என ஒப்புக்கொண்டு, அதனைத் திருத்துவதாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டுக் கையேட்டில் ஆர்க் ஆட்டக்காரர் மேற்கொள்ளும் இனங்களுள் ஒன்றாயிற்று. இனத்திற்குச் சார்பு கூறும் வழக்கம் அங்கு இல்லை.

நம் ஆராய்ச்சிக்கு இவற்றினும் முதன்மையான மாற்றம் பாலடினிடம் நிகழ்ந்தது. 2014 முதல் அவன் எச்சார்பினனாகவும் இருக்கலாம். ஆனால் மேற்கொண்ட ஓர் உறுதிமொழிக்கு அவன் கட்டுப்பட்டவன். பக்தி, பழையோர், பழிவாங்கல் என்பன அந்நூல் கூறும் மூன்று உறுதிமொழிகள். ஒவ்வொன்றிற்கும் அதனதன் நெறிகள் வாக்கியங்களாக எழுதப்பட்டுள. மண்டியிட்ட ஆர்க்கின்முன் நிற்கும் இன்றைய பாலடினை நோக்கி, 'நீ நல்லவனா?' என்று நடுவர் வினவ வேண்டுவதில்லை. 'நீ கூறிய மொழி யாது?' என்று வினவலாம். எளியோர்க்கு இரங்குக என்னும் நெறியை மேற்கொண்டவனுக்கும் கொடியோரிடத்து இரக்கமின்மையை மேற்கொண்டவனுக்கும் விடை ஒன்றாயிராது. பின்னவனுக்கும், எதிரே மண்டியிட்டவன் தான் சூளுரைத்த அக்கொடியோன் தானா, அன்றி அவனோடு ஒரே நிறத்தில் பிறந்தவன் மட்டுமா என்னும் வினா எஞ்சி நிற்கும்.